அருளம்பலத்தின் செவ்வரத்தை மதில்

அன்று பின்னேரம் அருளம்பலம் தன் சொந்த வீட்டைத் தாண்டி நடந்து போய்விட்டார். வெறியில் போனார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மனிதன் கள்ளுப் பிளாவைக் கையால் தொட்டதில்லை. பட்டணத்தில் வாங்கிய பீங்கான் கோப்பைகளை வைக்கோல் சுற்றி ஒரு பெட்டியில் கட்டி, தோளில் வைத்துக்கொண்டு சுன்னாகம் ஸ்ரேசனிலிருந்து நடந்து வந்தார். செம்பருத்திச் செடியை வெட்டி வளர்த்த அந்தச் செவ்வரத்தை மதில் வந்தால் வீடு வந்தது என்பது அவருடைய காலுக்குத் தெரியும். மதில் வரவில்லை. காலும் நிற்கவில்லை. பக்கத்து வளவுக்காரன் பஞ்சலிங்கத்தின் படலை வாசலடிக்குப் போன பிறகுதான் பிழை உறைத்தது.

திரும்பி வந்து பார்த்தார். பச்சை இல்லை. சிவப்பு இல்லை. வளவின் முன்பக்கம் முழுக்கக் குச்சி குச்சியாக ஏதோ நின்றது. தேய்ந்த விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டுவைத்தது மாதிரி. அதற்குப் பின்னால் கிணறு, கவிழ்த்துவைத்த வாளி, விறாந்தை, விறாந்தைக் கொடியில் தொங்கிய அவருடைய சாரம், எல்லாம் றோட்டுக்கு அப்பட்டமாகத் தெரிந்தன. நிலமெங்கும் ஆட்டுப் புழுக்கை.

பெட்டியை இறக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சாவு வீட்டுச் செய்தி கேட்டவன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான்.

நாலு செடிக்கு ஒரு மனிதன் ஏன் இப்படி விறைத்துப்போக வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு அவருடைய கதையைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

அருளம்பலம் பிறந்தது புத்தூரில், புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில். மீசை அரும்பும் வயதுவரை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கத் துலா மிதித்தார். பிறகு ஊரில் பாதி இளந்தாரிகள் போனதுபோல அவரும் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். கிளாக்கர் வேலைக்குப் படிப்புக் காணாது. றெயில்வேயில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குப் பியோனாக இருந்தார். முதல்நாள் துரையின் பங்களாவுக்குக் கடுதாசிக் கட்டோடு போனவர், வாசலில் திகைத்துப் போனாராம். வேலி இல்லை. பின்னிய தென்னோலைக் கிடுகு இல்லை, பனையோலை இல்லை, ஒரு மட்டை இல்லை. இடுப்பளவுக்குச் செவ்வரத்தைச் செடி, மேசை விளிம்புபோல மட்டமாக வெட்டி, வளவைச் சுற்றி நின்றது. அதற்கு மேலாலே துரைசாணி கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிப்பது றோட்டால் போகிற எல்லோருக்கும் தெரிந்தது. அருளம்பலம் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, வேறு யாருடையவோ குசினிக்குள் நுழைந்துவிட்டவர்போலக் கூசிக்கொண்டு நின்றார்.

பிறகு கூச்சம் போய்விட்டது. செடி வெட்டும் சீனன் வேலையை விட்டுப் போனபோது, துரை கத்தரிக்கோலை இவர் கையில் கொடுத்தார். மனிதன் அதில் விழுந்துபோனார். கடுதாசி காவுகிற வேலையில் கிடைக்காத ஒரு பெருமை அந்தக் கத்தரிக்கோலில் கிடைத்தது.

ஊருக்குத் திரும்பியபோது தலைமயிர் பாதி நரைத்திருந்தது. இடையில் ஒருதரம் லீவில் வந்து கட்டிய மனைவி செல்வநாயகி சுன்னாகத்தில் தன் சீதன வளவில் மகளோடு இருந்தாள். மகள் மகாதேவிக்குத் தகப்பனுடைய முகம் படத்தில் பார்த்த முகம்தான். றங்குப்பெட்டியோடு ஒரு ஈரச்சாக்கும் வண்டிலால் இறங்கியது. பெட்டிக்குள் துரை கொடுத்த கத்தரிக்கோல், சாக்குக்குள் தென்னந்தும்பில் சுற்றிய செவ்வரத்தைத் தடிகள்.

பார்க்க வந்த பஞ்சலிங்கம் சாக்குக்குள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, மலாயாவாலை வாறவை பவுண் கொண்டருவினம், பட்டுக் கொண்டருவினம். நீங்கள் செவ்வரத்தைத் தடியோ கொண்டந்தனீங்கள்? உங்கை வைரவர் கோயிலடியிலை நிக்கிறது என்ன, கத்தரிக் கண்டோ?"

"அது செடி. இது மதில்," என்றார் அருளம்பலம்.

"மதில் நனைஞ்சு போச்செண்ணை. வெயிலிலை காயவிடுங்கோ," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

செவ்வரத்தை கேட்டுக் கேள்வி இல்லாமல் வளரும் செடி. வெயிலோ, உவர்த் தண்ணியோ, பராமரிப்பில்லாத நிலமோ, எதிலும் ஒருமாதிரிப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதை மதிலாக்குவது வேறு வேலை. பென்சில் பருமனான தடியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். இலையை உரித்து, நுனியில் இரண்டை மட்டும் விட வேண்டும். செம்மண்ணில் பழைய மாட்டெருவும் சாம்பலும் கலந்து, கிடுகு வேலிக்கு உட்பக்கமாக, இரண்டு நிரையில், ஒன்றின் இடைவெளிக்கு மற்றது வரும்படி நட்டார். முழங்கால் உயரம் வந்ததும் பாதியாக வெட்டினார்.

செல்வநாயகி பதைத்துப் போனாள். "வளந்து வாறதின்ரை தலையையோ நறுக்கிறியள்? உங்களுக்கென்ன விசரோ?"

"நறுக்காட்டி அது மேலை போகும். எனக்கு அது பக்கத்துக்குப் போகவேணும்."

வெள்ளைப்பூச்சி விழுந்தால் புகையிலைக் காம்பை ஊறவைத்துச் சவர்க்காரத் தண்ணியோடு தெளிப்பார். வெட்டும்போது அடியை அகலமாகவும் மேற்பக்கத்தை ஒடுக்கமாகவும் விடுவார். மேல் அகலித்தால் அடிக்கு வெயில் படாது. அடி இலை கொட்டி வெறுங்குச்சியாய்ப் போகும். வெட்டுவது அவர். பார்ப்பது அவர். தண்ணீர் ஊற்றுவது மகாதேவி. கிடுகு வேலியின் மறைவில், கிணற்றடியிலிருந்து வாளி வாளியாக, பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவள்தான் ஊற்றினாள். அதை அருளம்பலம் ஒரு வேலையாகக் கணக்கெடுத்ததே இல்லை.

மதில் மதிலாக நின்ற வருசத்தில்தான் மகாதேவிக்குக் கலியாணப் பேச்சு வந்தது. கொண்டுவந்தவர் தரகர் கனகரத்தினம். மாப்பிள்ளை கொடிகாமத்துப் பெடியன். தென்னந்தோட்டமும் வெங்காயமும் உள்ள குடும்பம். தாய் நல்லம்மாதான் அந்த வீட்டின் சொல்லும் செயலும். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக நாள் வைத்தார்கள்.

கிடுகு வேலி அந்த வருசம் உக்கிப்போய் இருந்தது. புதுக்கிடுகு வாங்கி அடைக்க வேண்டிய நேரம். அருளம்பலம் அடைக்கவில்லை. கழற்றினார். கொடிகாமத்தார் வண்டிலால் இறங்கும்போது மறைப்பில்லாமல் அந்தச் சிவப்பு மதில் கண்ணில் விழவேண்டும். இது மலாயா பார்த்தவனுடைய வீடு என்று வாசலிலேயே தெரியவேண்டும். மனிதனுடைய ஆசை அவ்வளவுதான்.

"கிணறு முன்னுக்கல்லோ இருக்கு," என்றாள் செல்வநாயகி.

"இருக்கட்டும்."

உக்கின கிடுகுகளைப் பஞ்சலிங்கம் தன் தோட்டத்தில் எருவாகத் தாழ்க்கக் கொண்டுபோனான்.

மலாயாவில் துரையின் பங்களாவுக்கு முன்னால் கட்டாமல் அலையும் கட்டாக்காலி ஆடு கிடையாது. அருளம்பலம் மறந்துபோனது இதைத்தான். இத்தனை வருசமும் மதில் வீட்டைக் காக்கவில்லை. உக்கின கிடுகுதான் மதிலைக் காத்தது.

இப்போது திரும்ப அந்தப் பின்னேரத்துக்கு வருவோம்.

அவர் உள்ளே வந்தபோது விறாந்தைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது.

"கெதியா உள்ளுக்கு வாருங்கோ," என்றாள் செல்வநாயகி.

"ஆரின்ரை ஆடு?"

"எல்லாற்றை ஆடும்தான். வைரவருக்கு நேந்துவிட்ட கிடாய் முதல் வந்தது. அதைக் கண்டு பஞ்சலிங்கத்தின்ரை மறியாடுகள் வந்துது. பிறகு ஒழுங்கையிலை நிண்டதுகள் எல்லாம்."

"எப்ப?"

"காலமை. நீங்கள் ஸ்ரேசனுக்குப் போய்க் கொஞ்ச நேரத்திலை."

"அப்ப நீங்கள் ரண்டுபேரும் எங்கை போனனீங்கள்?"

"நாங்கள் எங்கை போறது? உந்த யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்."

அருளம்பலம் பெட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார். ஆடு தின்றதைத் தாங்கலாம். ஆட்டுக்கு என்ன தெரியும்?

"பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?"

"ஓம். பின்னை என்ன செய்யச் சொல்லுறியள்? இண்டைக்குச் சந்தை நாள். றோட்டு முழுக்க ஆம்பிளையள். நானும் உவளும் தடியோடை முத்தத்திலை ஓடித் திரியிறதோ? வெள்ளிக்கிழமை பொம்பிளை பாக்க வருகினம். அதுக்கு முதல் பொம்பிளை சந்தைச் சனத்துக்கு முன்னாலை ஆடு கலைச்சவள் எண்டு கொடிகாமம் மட்டும் கதை போகட்டுமெண்டோ?"

"சத்தமாவது போட்டிருக்கலாமே."

"போடாமலோ? யன்னலுக்குள்ளாலை 'சூ, சூ' எண்டனாங்கள். கிடாய் தலையை நிமித்தி எங்களை ஒருக்கால் பாத்துது. பாத்திட்டுத் திரும்பத் திண்டுது."

மகாதேவி யன்னலோடு சாய்ந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"வண்டிலிலை போன ஒரு மனுசி நிப்பாட்டி, 'வீட்டுக்காரர், ஆடு திண்ணுது' எண்டு கூப்பிட்டவ," என்றாள் செல்வநாயகி. "ஊர் பேர் தெரியாத மனுசி. நாங்கள் யன்னலைச் சாத்திப்போட்டம். பிறகு அவவே இறங்கி, வண்டில்காரன்ரை கம்பைப் பறிச்சுக் கலைச்சவ. கிடாய்க்கும் முதுகிலை ஒண்டு வைச்சவ."

"வைரவற்றை கிடாய்க்கோ?"

"ஓம். சத்தம் இஞ்சை கேட்டது."

அருளம்பலத்துக்கு நா வறண்டது. குசினிக்குப் போய்ப் பானையைச் சரித்தார். ஒரு சொட்டு வரவில்லை.

"தண்ணி இல்லை," என்றாள் மனைவி பின்னால் நின்று. "இருட்டினாப்போலைதான் அள்ளலாம்."

"ஏன்?"

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் அவருக்கு ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. வேலி கழற்றிய நாளிலிருந்து இந்த இரண்டு பெண்களும் பகலில் கிணற்றடிக்குப் போகவில்லை. விடிய முன்னம் அள்ளிய தண்ணீரில் சமையல், கழுவல் எல்லாம். தோய்ச்சல் இல்லை. மகாதேவியின் தலைமயிர் எண்ணெய்ச் சிக்கோடு கிடந்ததை அவர் இப்போதுதான் கண்டார். முற்றம் கூட்டுவதும் இருட்டோடு. நெல்லு காயப்போட்ட பாய் வீட்டின் பின்பக்கம், வெயில் படாத இடத்தில் கிடந்தது. இந்த நாட்களில் அவரோ தினமும் காலையில் அதே கிணற்றடியில் கோவணத்தோடு நின்று முழுகினார். றோட்டால் போகிறவர்கள் "வடிவான மதிலண்ணை" என்று சொல்லச் சொல்ல, இன்னும் இரண்டு வாளி கூட வார்த்தார்.

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அவர் இது ஒன்றையும் அறியவில்லை. செடி போன அதிர்ச்சிக்கு மேலே இது வந்து ஏறியது. வெறும்பானையைக் கீழே வைத்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், பானை, குடம், கிடாரம் என்று வீட்டிலிருந்த ஏனமெல்லாம் நிறையும்வரை அள்ளினார்.

அடுத்தநாள் காலை கனகரத்தினம் வந்தார். குடையை மடித்து மூலையில் சாத்தினார். வழக்கமாக வந்ததும் வெற்றிலை கேட்கிறவர், அன்று கேட்கவில்லை.

"அருளம்பலம், நாளைக்கு அவை வரேல்லையாம்."

"வேறை நாளோ?"

"வேறை இடம்."

செல்வநாயகி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்? ஆர் என்ன சொன்னது? எங்கடை பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லு ஆரும் சொல்லேலுமோ?"

கனகரத்தினம் சால்வையால் கழுத்தைத் துடைத்தார். "ஆரும் சொல்லேல்லைத் தங்கச்சி. நல்லம்மா தன்ரை கண்ணாலை பாத்தவவாம். நேற்றுத் தேங்காய் கொண்டு சந்தைக்கு வந்தவ. வந்த இடத்திலை சம்பந்தம் செய்யிற வீட்டை ஒருக்கால் வழியிலை பாத்திட்டுப் போவம் எண்டு வண்டிலை நிப்பாட்டினவ."

அருளம்பலம் மனைவியைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தாள். கம்பைப் பறித்தது யார் என்று யாரும் கேட்கவேண்டி இருக்கவில்லை.

"அவ சொன்னதை அப்பிடியே சொல்லுறன், கோவியாதையுங்கோ," என்றார் தரகர். "'கண்ணுக்கு முன்னாலை பச்சை அழியுது. ரண்டு பொம்பிளையள் யன்னலைச் சாத்திப்போட்டு இருக்கினம். என்ரை தென்னங்கண்டை ஆடு கடிச்சாலும் உந்தப் பெட்டை யன்னலைத்தானே சாத்துவாள்' எண்டா."

செல்வநாயகி யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்: "நாங்கள் அடக்கமாய் இருந்ததோ பிழை? அப்ப வெளியாலை வந்திருந்தால்?"

கனகரத்தினம் தலையைச் சொறிந்தார். "வந்திருந்தால்... அதுக்கும் ஆரும் ஒண்டு சொல்லியிருப்பினம்."

அப்போதுதான் மகாதேவி விறாந்தைக்கு வந்தாள். அந்நிய ஆம்பிளை இருக்கும்போது அந்த வீட்டில் அவள் விறாந்தைக்கு வந்தது அதுதான் முதல்தரம். தாய் கையைப் பிடித்தாள். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"ஐயா, வேலியை அடையுங்கோ. இல்லாட்டி என்னை முத்தத்துக்கு விடுங்கோ. ரண்டுமில்லாமல் யன்னலுக்குள்ளை நிண்டு பாக்க என்னாலை ஏலாது."

மகாதேவி வெளியே நின்ற குச்சிகளைக் கையால் காட்டினாள்.

"நீங்கள் உங்கடை மதில் எண்டு சொல்லுறியள். அதுக்குத் தண்ணி ஊத்தினது நான். ஒவ்வொரு தடியும் எந்தப் பக்கம் முளைவிட்டதெண்டு எனக்குத் தெரியும். அது கடிபடேக்கை என்ரை கையாலை யன்னலைச் சாத்தினன், ஐயா."

குரல் உடையவில்லை. அழுகை முதல்நாளே முடிந்துவிட்டது போலிருந்தது.

தகப்பனுக்கு மகள் இத்தனை சொல் கதைப்பாள் என்பதே தெரியாது. மலாயாவிலிருந்து வந்த நாள் முதல் அவள் அவரிடம் "ஓம் ஐயா", "இல்லை ஐயா", "சாப்பாடு போட்டிருக்கு ஐயா" என்ற மூன்றைத்தான் சொல்லியிருந்தாள். அவர் எழுந்து உள்ளே போனார். அடிக்கப் பிரம்பு எடுக்கப் போகிறார் என்று செல்வநாயகி நினைத்தாள். தரகரும் அப்படித்தான் நினைத்துக் குடையைக் கையில் எடுத்தார்.

வெளியே வந்தவர் கையில் மலாயாக் கத்தரிக்கோல் இருந்தது. பிடியை மகளின் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"முழங்காலுக்குக் கீழை வெட்டு. ஆடு கடிச்சுக் கிழிச்ச இடத்தை விடாதை, அழுகும். கணுவுக்குக் கொஞ்சம் மேலை. சாய்வா."

"நீங்கள் வெட்டேல்லையோ?"

"நான் போய்க் கிணத்தடிக்கு மறைப்புக் கட்டக் கிடுகு பாக்கவேணும்."

மகாதேவி கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். பகல் வெளிச்சத்தில், முழு றோட்டுக்கும் முன்னால், அந்தக் குச்சிகளுக்கு நடுவில் குந்தினாள். செல்வநாயகி தலையில் கையை வைத்துக்கொண்டு நிலையோடு சரிந்தாள். றோட்டால் போன ஒரு வண்டில் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்தவன் முட்டுகிற மாதிரி வந்து மாட்டை இழுத்துப் பிடித்தான். மரக்கறிக் கூடை சுமந்து போனவர்கள் கூடையை இறக்கிவைத்துப் பார்த்தார்கள். செத்த வீட்டிலும் இந்தப் பெண்ணை இவர்கள் முகத்துக்கு நேரே கண்டதில்லை.

பஞ்சலிங்கம் சைக்கிளால் இறங்கினான்.

"என்ன பிள்ளை, ஐயா வீட்டிலை இல்லையோ?"

"நிக்கிறார், மாமா."

"அப்ப நீ ஏன் றோட்டடியிலை?"

"நேற்று நான் றோட்டடியிலை நிக்கேல்லை. உங்கடை மறியள் நிண்டதுகள்," என்றாள் மகாதேவி, வெட்டுவதை நிறுத்தாமல். "கட்டி வையுங்கோ மாமா. இனி வந்தால் கால் முறியும்."

பஞ்சலிங்கத்துக்கு எதற்கும் ஒரு பகிடி கைவசம் இருக்கும். அன்று இருக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஏற மறந்து, தன் படலை வரைக்கும் நடந்தே போனான்.

செவ்வரத்தை பொல்லாத செடி. மழை விழுந்த கையோடு வெட்டிய கட்டைகளெல்லாம் முளைத்துவிட்டன. முந்தியதைவிட அடியில் கூடச் செறிந்து வந்தன. கிணற்றடியைச் சுற்றிக் கிடுகு மறைப்பு வந்தது. றோட்டுப் பக்கம் மட்டும் வேலி வரவில்லை. மகாதேவி பின்னேரங்களில் முற்றத்தில் நின்றாள். முதல் மாதம் ஊர் வாய்விட்டுக் கதைத்தது. இரண்டாம் மாதம் கொஞ்சம் குறைந்தது. செல்வநாயகி மட்டும் குறையவில்லை. இந்தப் பெட்டையை இனி எவன் கட்டுவான் என்று அவள் கேட்காத நாள் இல்லை. அருளம்பலத்துக்கும் அந்தப் பயம் இருந்தது. அவர் அதைக் கதைக்காமல் கத்தரிக்கோலைத் தீட்டிக் கொடுத்தார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருசம் புத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சொன்ன நேரத்துக்கு அவர்கள் வரவில்லை. முந்தி வந்துவிட்டார்கள். வண்டில் நின்றபோது மகாதேவி செடிக்குள் நின்றாள். கையெல்லாம் மண், தலையில் இலை. விறாந்தையில் இருந்த அருளம்பலம் எழும்பினார். உள்ளுக்கு ஓடு என்று சொல்ல வாய் எடுத்தார். சத்தம் வரவில்லை. செல்வநாயகி கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டாள்.

மகாதேவி ஓடவில்லை. கத்தரிக்கோலை நிலத்தில் வைத்தாள்.

"வாருங்கோ, வந்து இருங்கோ. ஐயா நிக்கிறார். கையைக் கழுவிப்போட்டு வாறன்," என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் வயதான தோட்டக்காரன். வண்டிலால் இறங்கி, அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து அவள் வெட்டிய தடியின் நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார் அவர், "அந்த மூலையை வெட்டாமல் விட்டிருக்கிறாய். வெட்டி முடிச்சிட்டே வா. நாங்கள் இருப்பம்."

அவர்கள் இருந்தார்கள். பீங்கான் கோப்பையில் கோப்பி குடித்தார்கள். அடுத்த ஆவணியில் கலியாணம் நடந்தது.